தாத்தாவின் உளி இன்னும் தேய்ந்துகொண்டிருக்கிறது

இரண்டு தலைமுறை பார்த்துப் பார்த்துத் தீட்டிய ஓர் உளியை நான் ஐந்தாறு விநாடியில் கெடுத்தேன். முக்கால் அங்குல அகலம், தாத்தாவினுடையது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பட்டறைக்குப் புதிதாக மின்சாரச் சாணைச் சக்கரம் வந்திருந்தது. கல்லில் போட்டு அரை மணி நேரம் தேய்ப்பானேன், சக்கரத்தில் காட்டினால் ஒரு நிமிட வேலைதானே என்று உளியை அழுத்திப் பிடித்தேன். பொறி நன்றாகப் பறந்தது. எடுத்துப் பார்த்தால் முனையோரம் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நீலக் கோடு.

அப்பா பார்த்தார். திட்டவில்லை. உளியை வாங்கி, காய்ந்த தேக்குத் துண்டு ஒன்றில் நாலு வெட்டு வெட்டினார். அப்புறம் முனையை என் பக்கம் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் வருடிப் பார்க்கச் சொன்னார். நகம் ஓரிடத்தில் தட்டியது. முனை மடங்கியிருந்தது.

"பதம் போயிடுச்சு. இனிமே இது வெறும் தகடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தாத்தா பத்து வருஷத்துல தேய்ச்சதை நீ இந்த வாரத்துல தேய்க்கப் போற" என்றார்.

நீலம் ஏறிய பகுதி முழுவதும் போனால்தான் அதற்குப் பின்னால் இருக்கும் நல்ல எஃகு வெளியே வரும். அதைச் சக்கரத்தில் செய்ய அவர் விடவில்லை. கரடான கல்லில், கையால், மூன்று மாலைகள் தேய்த்தேன். தோள் வலித்தது. ஆனால் அந்த மூன்று மாலைகளில்தான் ஒன்று எனக்குப் புரிந்தது. உளிக்கு ஆயுள் என்றால் அதன் நீளம்தான். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் ஒரு மயிரிழை போகிறது. தாத்தா எனக்கு விட்டுப்போனது அவர் தேய்க்காமல் மிச்சம் வைத்த நீளம். அவர் அவசரக்காரராக இருந்திருந்தால் என் கைக்கு ஒன்றும் வந்திருக்காது.

அந்த நீலம் ஏன் வந்தது என்பதைப் பின்னால் ஒரு கொல்லர் எனக்கு விளக்கினார். பழைய உளிகளும் இழைப்புளித் தகடுகளும் பெரும்பாலும் சாதாரணக் கார்பன் எஃகு. கொல்லர் அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் துவைச்சல் கொடுக்கும்போது, அதாவது சட்டென்று முக்கிக் குளிர்விக்கும்போது, கண்ணாடி மாதிரிக் கடினமாகிவிடும், தட்டினால் உடையும். அதனால் மறுபடி மெதுவாகச் சூடேற்றி, தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் தெரிந்ததும் நிறுத்துவார். அது ஏறத்தாழ 220 டிகிரி. அதற்கு மேல் போகப்போகப் பழுப்பு, ஊதா, கடைசியாக 300 டிகிரி வாக்கில் நீலம். நீலம் தெரிந்தால், அவர் கொடுத்த கடினத்தில் பெரும்பங்கு போய்விட்டது என்று அர்த்தம். துளை போடும் மெஷின் பிட் நீலமாகியும் வெட்டுகிறதே என்று கேட்பார்கள். அது ஹைஸ்பீடு ஸ்டீல், 500 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். தாத்தா காலத்து உளி தாங்காது.

சக்கரத்தையே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முனை உடைந்த உளிக்கு அது வேண்டும். ஆனால் பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், கையில் கையுறை கூடாது. வெறும் விரல் முனைக்குப் பக்கத்தில் இருந்தால், விரல் பொறுக்காத சூடு வந்த நொடியே நனைக்கத் தோன்றும். முனை மெலிய மெலியச் சூடு பரவ இடமில்லாமல் அங்கேயே தேங்கும். அதனால் முழுக் கூராக ஆகும் வரை சக்கரத்தில் கொண்டுபோகாமல், சற்று மொண்ணையாக இருக்கும்போதே நிறுத்திவிட்டு, மீதியைக் கல்லில் முடிக்க வேண்டும்.

அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு பெட்டி முழுதும் என்னிடம் வந்தது. ஏழு உளிகள், மூன்று மர இழைப்புளிகள், இரண்டு ரம்பங்கள், மரம் செதுக்கும் ஒரு வாய்ச்சி, மூலைமட்டம், கோடு கீறும் கட்டை, தலை சிதைந்த ஒரு கொட்டாப்புளி (உளியை அடிக்கும் மரச் சுத்தியல்). பெரிய இழைப்புளியின் முன்பக்க முகத்தில் இரண்டு எழுத்துகள் அச்சடித்திருந்தன. அவை எங்கள் வீட்டில் யாருடைய பெயரிலும் இல்லை. அப்பாவிடம் கேட்டேன். "உங்க தாத்தாவுக்கு முன்னால யாரோ வச்சிருந்தது. அவர் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சாம்" என்றார். பழைய மர இழைப்புளிகளின் முகத்தில் சொந்தக்காரர்கள் பெயரைக் குத்திவைப்பது பல நாடுகளில் வழக்கம். ஒரே கட்டையில் இரண்டு மூன்று பேர் பெயர் இருப்பதும் உண்டு. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனதற்கு அதைவிட நல்ல பத்திரம் வேண்டுமா?

பெட்டி வந்த ஒரே வாரத்தில் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். முதல் தப்பை விட இது பெரியது, ஏனென்றால் இதைத் தேய்த்துச் சரிபண்ண முடியவில்லை.

கோடு கீறும் கட்டை என்பது எளிய சாமான். சதுரமான ஒரு கோல், அதன் நுனியில் ஓர் ஆணி முனை, கோலில் நகரும் ஒரு கட்டை. பலகையின் ஓரத்தில் கட்டையை அணைத்து இழுத்தால் ஆணி ஒரே அளவில் கோடு போடும். எங்கள் கட்டை கறுத்துப்போய், வியர்வையும் அழுக்கும் படிந்து பிசுபிசுப்பாக இருந்தது. சுத்தம் செய்கிறேன் என்று உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். உள்ளே இருந்து மரத்தின் நல்ல சிவப்பு வந்தது, ரேகை தெரிந்தது. உற்சாகத்தில் எல்லாப் பக்கத்தையும் சமமாகத் தேய்த்து, இரண்டு பூச்சு வார்னிஷும் அடித்தேன்.

அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையில் வாங்கி, வழக்கமாகப் பிடிக்கும் விதத்தில் பிடித்தார். பிறகு கட்டையை லேசாகத் திருப்பினார். மறுபடி திருப்பினார். பெருவிரல் எதையோ தேடியது. கட்டையின் ஒரு மூலையில் ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. நாணயத்தை அழுத்தி எடுத்தது போல ஆழமில்லாத பள்ளம். தாத்தாவின் பெருவிரலும் பிறகு அப்பாவின் பெருவிரலும் அழுத்தி அழுத்தி உண்டானது. பெருவிரல் அதில் போய் உட்கார்ந்தால் கட்டை பலகையை விட்டு விலகாது. நான் அதைக் கேடு என்று நினைத்துச் சமப்படுத்தியிருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டார். வார்னிஷ் வழுக்கியதால் அந்தக் கட்டையில் எனக்கும் கோடு நேராக வரவில்லை. வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டேன். பள்ளத்துக்கு நான் என்ன செய்ய முடியும்?

பின்னாளில் மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த தச்சர் கருவிகளின் படங்களைப் பார்த்தபோது அந்தக் கட்டைதான் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தின் அந்தப் போர்க்கப்பல் 1545-இல் மூழ்கியது, 1982-இல் மேலே எடுத்தார்கள். அதில் தச்சரின் கருவிப் பெட்டிகளும் இருந்தன. இத்தனை நூற்றாண்டில் கடல் இரும்பைத் தின்றுவிட்டிருக்கிறது. தகடுகள் போய், இழைப்புளிக் கட்டைகளும் பிடிகளும் மிஞ்சின. கை பட்ட பாகம்தான் மிஞ்சியது. எஃகைப் புதிதாக வாங்கலாம், அடித்துக்கொள்ளலாம். கை செய்த பள்ளத்தை எங்கே வாங்குவது?

அதனால் இப்போது யாராவது வீட்டுப் பழைய கருவிகளை என்னிடம் கொண்டுவந்து காட்டினால் முதலில் சொல்வது இதுதான்: ஒரு மாதம் ஒன்றும் செய்யாதீர்கள். தூசியைத் துடையுங்கள், கையில் பிடித்துப் பாருங்கள், போட்டோ எடுத்துவையுங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே பளபளப்பு ஏறியிருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். வைத்திருந்தவர் உயிரோடு இருந்தால் அவர் கையிலேயே கொடுத்து, பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். பேசச் சொன்னால் பேசத் தெரியாத பெரியவர்கள் கூட, கருவியைக் கையில் கொடுத்தால் பேசுவார்கள்.

மரப் பகுதியின் அழுக்குக்கு உப்புத்தாளே வேண்டாம். பிழிந்த ஈரத்துணி, அது போதாவிட்டால் டர்பன்டைன் தோய்த்த துணி, அவ்வளவுதான். காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் மரம் உயிர் பெறும், வழுக்காது. இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

துருவில் இரண்டு வகை உண்டு. கையில் ஒட்டும் சிவப்புத் தூள் துரு கேடு செய்யும், அதை எடுக்க வேண்டும். கறுப்பும் பழுப்புமாக இறுகிப் படிந்த நிறம் கேடு செய்யாது. அதைச் சுரண்டி வெள்ளி மாதிரி ஆக்கினால் பழைய முத்திரை எழுத்துகளும் சேர்ந்து மங்கும். லேசான துருவுக்கு மண்ணெண்ணெயும் மெல்லிய ஸ்டீல் ஊலும் போதும். கனத்த துரு என்றால், பிடியைக் கழற்றிவிட்டு வினிகரில் ஊறப்போடலாம். சில மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும், அதிகபட்சம் ஓர் இரவு. எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, அமிலத்தைப் போக்கி, உடனே துடைத்துச் சூடான இடத்தில் வைத்துக் காயவிட்டு எண்ணெய் பூச வேண்டும். இரண்டாவது இழைப்புளியின் தகட்டை நான் வினிகரில் போட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போனேன். மூன்று நாள் கழித்து வந்தபோது துருவோடு சேர்த்து எஃகையும் அரித்து, மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகியிருந்தது.

அந்தத் தழும்பு வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு: ஒன்று சாய்வு, இன்னொன்று பின்பக்கம். பின்பக்கத்தில் குழி இருந்தால், தேய்ந்துகொண்டே வரும் முனை அந்தக் குழியை எட்டும்போது அங்கே ஒரு பல் விழும். சாய்வை எவ்வளவு தீட்டினாலும் போகாது. பழைய உளியை எடுத்ததும் நிறையப் பேர் சாய்வைத்தான் தீட்டுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கம். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டி, உளியின் பின்பக்கத்தைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். முழு நீளமும் தேவையில்லை, முனையிலிருந்து ஓர் அங்குலம் தட்டையாகிப் பளபளத்தால் போதும். இந்த வேலை ஓர் உளிக்கு ஒரே முறைதான்.

பின்பக்கம் முடிந்து சாய்வுக்கு வரும்போது, ஏற்கெனவே என்ன கோணம் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் ஏழு உளிகளில் எல்லாம் ஒரே கோணம் இல்லை. மெல்லியதாகச் சீவ 20-லிருந்து 25 டிகிரி, பொது வேலைக்கு 25-லிருந்து 30, கொட்டாப்புளியால் அடித்து மூட்டுத் துளை எடுக்க 30-க்கும் மேல். தாத்தா கோணமானி வைத்து அளந்தவர் இல்லை. சாய்வின் நீளம் தகட்டின் தடிமனைப் போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30 டிகிரி. இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேலே போனால் 25. இதை அப்பா ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து அளந்து காட்டினார். இன்றும் நான் அப்படித்தான் அளக்கிறேன்.

கல்லில் தீட்டும்போது பின்பக்கம் பிசிறு, அதாவது முனையோரம் மடங்கி நிற்கும் மெல்லிய எஃகு, எழுந்ததா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முனையின் முழு அகலத்துக்கும் பிசிறு எழும் வரை நிறுத்தக் கூடாது. எழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தேய்ப்பதெல்லாம் பேரன் பங்கு.

தீட்டி முடித்த உளியின் சாய்வை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சில பழைய தகடுகளில் ஒரு அதிசயம் தெரியும். முனையை ஒட்டிப் பளிச்சென்று ஒரு பட்டை, அதற்கு மேல் மங்கிய சாம்பல் நிறம், நடுவில் மெல்லிய ஒரு கோடு. மேலே மெது இரும்பு, கீழே கடின எஃகு, இரண்டையும் நெருப்பில் காய்ச்சி அடித்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். எஃகு அரிதாக இருந்த காலத்துச் சிக்கனம் அது. அதிலேயே ஒரு நன்மையும் இருக்கிறது: மெது இரும்பு அடியைத் தாங்கும், கல்லில் சுலபமாகத் தேயும், கூர் மட்டும் கடின எஃகில் நிற்கும். ஜப்பானியத் தச்சர்களின் உளி இன்றும் இப்படித்தான் செய்யப்படுகிறது. எங்கள் பெரிய இழைப்புளியின் தகட்டில் அந்தக் கோடு தெரிந்த அன்று நான் அன்றைய வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முத்திரைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய கருவிகளில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று பொறித்திருப்பதைப் பார்த்து, ஏதோ வார்ப்பிரும்புச் சாமான் என்று பழைய இரும்புக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வார்ப்பிரும்பு இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் 1740-களில் எஃகை மண்ணால் செய்த உருக்குக் கலத்தில் முழுக்க உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். அப்படிச் செய்த எஃகு உள்ளும் புறமும் ஒரே சீராக இருந்தது. அந்தப் பெருமைக்காகவே அந்தச் சொல்லைப் பொறித்தார்கள். நாம் எஃகை உருக்கு என்று சொல்வதும் அதே உருக்குவதிலிருந்துதான். அந்த முத்திரை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

மர இழைப்புளி பழகக் கஷ்டமானது, பழகிவிட்டால் விடவே மனம் வராது. திருகு எதுவும் கிடையாது. தகட்டை ஓர் ஆப்புதான் பிடித்திருக்கும். ஆழம் கூட்ட, தகட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. குறைக்க, கட்டையின் பின்முனையில் ஒரு தட்டு. தகடு தானாகப் பின்வாங்கும். தட்டிய ஒவ்வொரு முறையும் ஆப்பை இன்னொரு தட்டுத் தட்டி இறுக்க வேண்டும். எவ்வளவு பலமாக என்பதைச் சொல்லித் தர முடியாது, காதுதான் பழக வேண்டும். இறுகிய இழைப்புளியைத் தட்டினால் கணீரென்று ஒரே சத்தம் வரும். தளர்ந்திருந்தால் இரண்டு சத்தமாகக் கேட்கும். நான் பழகிய நாட்களில் அப்பா அடுத்த அறையில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். நான் நாலு இழுப்பு இழைப்பதற்குள், "ஆப்பு தளர்ந்திருக்கு, பாரு" என்று குரல் வரும். எழுந்து வந்து பார்த்ததே இல்லை, தப்பாகச் சொன்னதும் இல்லை. கூர் போனதையும் அப்படித்தான் கண்டுபிடிப்பார். கூரான தகடு மரத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஓடும், சுருள் உடையாமல் வெளியே வரும். மழுங்கியது கரகரக்கும்.

ரம்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தகட்டை வளைத்து விட்டால் தானாக நேராக வர வேண்டும். மடிப்பு விழுந்து நின்றால் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். பல் மழுங்கல் ஒரு குறையே இல்லை, அரம் வைத்துத் தீட்டிக்கொள்ளலாம். நாருக்கு இணையாக அறுக்கும் பல் சின்னச் சின்ன உளி மாதிரி நேராக இருக்கும். குறுக்கே அறுப்பது கத்தி மாதிரிச் சாய்வாக இருக்கும். எது என்று பார்த்துவிட்டுத் தீட்டுங்கள். அரத்துக்கு மரப்பிடி போடாமல் வேலை பார்க்க வேண்டாம். அதன் வால் உள்ளங்கையில் ஏறும்.

சுத்தியல், வாய்ச்சி, கோடாலி இவற்றின் காம்பு ஆடினால், தண்ணீரில் ஊறப்போடு என்று பலர் சொல்வார்கள். நானும் செய்திருக்கிறேன். ஊறிய மரம் ஊதும், ஆனால் இரும்பு விட்டுக்கொடுக்காது. ஊதிய நார் உள்ளேயே நசுங்கும். காய்ந்ததும் முன்பை விடச் சிறுத்துப்போகும். அடுத்த வாரம் தலை கழன்று பறந்தால் எதிரே நிற்பவர் யார் என்று சொல்ல முடியாது. பழைய ஆப்பை எடுத்துவிட்டுப் புது ஆப்பு அடிப்பதே சரி. காம்பைப் புதிதாகப் போடும்போது நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடும் துண்டாகப் பாருங்கள். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தலையைக் காம்பில் ஏற்ற, தலையையே அடிக்க வேண்டியதில்லை. காம்பைச் செங்குத்தாகப் பிடித்து, தலை கீழே தொங்க, காம்பின் அடிமுனையைக் கொட்டாப்புளியால் அடியுங்கள். கனத்த இரும்பு நின்ற இடத்திலேயே நிற்கும், காம்பு அதற்குள் இறங்கும். இதை முதன்முதலில் பார்க்கும் எல்லாருக்கும் நம்ப முடியாமல் இருக்கும்.

பாசம் எங்கே நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். முகத்தில் விரிசல் விழுந்த சுத்தியல் தாத்தாவுடையதாக இருந்தாலும் அடிக்கக் கூடாது. அடிபட்டு அடிபட்டுத் தலை காளான் மாதிரி விரிந்த இரும்பு வெட்டுளியின் விளிம்புகள் எப்போது வேண்டுமானாலும் தெறிக்கும். அவற்றை உரசி எடுத்த பிறகே தொட வேண்டும். பழைய கருவியில் பெயின்ட் அடித்திருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூளைச் சுவாசிக்காதீர்கள். பழையது எல்லாமே நல்லது என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. மட்டமான சாமான்கள் அந்தக் காலத்திலும் இருந்தன. அவை உடைந்து, வளைந்து, இரும்புக் கடைக்குப் போய்விட்டன. மூன்று தலைமுறை தாண்டி நிற்பது ஏற்கெனவே சோதனையில் தேறியது. அதனால்தான் வீட்டில் மிஞ்சிய கருவி பெரும்பாலும் நல்லதாக இருக்கிறது. நாற்பது பலகை இழைக்க வேண்டுமென்றால் நானும் மெஷினில்தான் ஓட்டுகிறேன். கடைசி ஒரு சுருள், கதவின் விளிம்பு, மூட்டின் முகம், இவற்றுக்கு மட்டும் பெட்டியைத் திறக்கிறேன்.

இரவல் கொடுப்பதில் நான் கண்டிப்பாக மாறியதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பொறுப்பாக இருந்தவர் ஐந்து நிமிடத்தில் தருகிறேன் என்று அரை அங்குல உளியை வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது ஒரு மூலை உடைந்திருந்தது. பெயின்ட் டப்பா மூடியை நெம்பியிருக்கிறார். அவருக்கு அது ஓர் இரும்புத் துண்டு. வேறு உளி வாங்கித் தருகிறேன் என்று மனதாரச் சொன்னார். என்னால் கோபப்படக் கூட முடியவில்லை, ஏனென்றால் அது என்ன என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. இப்போது பெட்டியில் இரவலுக்கென்றே நான்கு புது உளிகள் தனியாக வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்வதில்லை, அதை எடுத்துக் கொடுக்கிறேன்.

பெட்டி என்னிடம் வந்தபோது அண்ணன் ஒன்று கேட்டான். அவன் வேறு வேலைக்குப் போய்விட்டவன், ஆனால் தாத்தா ஞாபகமாக ஏதாவது வேண்டும் என்றான். பெரிய இழைப்புளியைக் கேட்டான், கூடத்தில் கண்ணாடி அலமாரியில் வைக்க. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அவனுக்கும் அவர் தாத்தாதானே. கடைசியில் அப்பாதான் தீர்த்துவைத்தார். தலை சிதைந்த கொட்டாப்புளியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்து, "இதுல அவர் அடிச்ச அடி அத்தனையும் இருக்கு, இதை வச்சுக்கோ" என்றார். உண்மைதான், அதன் முகத்தில் இருந்த தழும்புகளைப் போல வேறெதிலும் இல்லை. வேலைக்கு ஆகாத ஒன்றைத்தான் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். வேலைக்கு ஆகும் எஃகைச் சும்மா வைத்தால், ஈரக் காற்றும் கைரேகையின் வியர்வை உப்பும் சேர்ந்து தின்னும். தினம் எடுக்கும் உளியில் துரு பிடித்து நான் பார்த்ததில்லை. எடுக்காத நாட்களுக்கு எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு போதும். தோல் உறையிலேயே மாதக்கணக்கில் விட வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

என் மகள் இப்போது பட்டறையில் என்னோடு வேலை பழகுகிறாள். போன வருஷம் அந்த முக்கால் அங்குல உளியை எடுத்து ஒரு மூட்டைச் சீவிக்கொண்டிருந்தவள், "அப்பா, இந்தப் பிடி என் கைக்கு அடங்கல. கொஞ்சம் சீவிக்கட்டுமா?" என்று கேட்டாள். அந்தப் பிடி அப்பா கடைந்து போட்டது. கோடு கீறும் கட்டையை நான் தேய்த்த நாள் நினைவுக்கு வந்து, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் கை சின்னது. அடங்காத பிடியில் வேலை பார்த்தால் முனை நழுவும். தாத்தா போட்டிருந்த பிடியை அப்பாவும் ஒரு நாள் எடுத்துவிட்டுத்தானே தன் பிடியைப் போட்டிருக்கிறார்?

அப்பாவின் பிடியைச் சீவவில்லை. மெல்லத் தட்டிக் கழற்றி, தேதி எழுதிப் பெட்டியில் வைத்தோம். அவளே ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, நார் நேராக ஓடுகிறதா என்று பார்த்து, தன் கைக்கு அளவாகச் செதுக்கினாள். உளியின் வாலுக்கு ஏற்ற துளையைப் படிப்படியாக, மேலே அகலம் கீழே குறுகல் என்று போட்டாள். பிடியின் வாயில் பித்தளைப் பூண் மட்டும் தாத்தா போட்ட பழையதே, மூன்றாவது பிடிக்கு மாறியிருக்கிறது. இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்தாள். பிறகு கல்லை நனைத்துத் தீட்ட உட்கார்ந்தாள். பிசிறு எழுந்ததும் நிறுத்தினாள், நான் சொல்லும் முன்பே.

அன்று அந்த உளியை அளந்து பார்த்தோம். முனையிலிருந்து கழுத்து வரை மூன்றேகால் அங்குலம் இருந்தது. கல்லில் மட்டும் தீட்டினால் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூடப் போகாது.